மஞ்சள் பட்டை போன வண்டி

அரெம்பெபே,
14 மார்ச் 1999

தம்பி ஜெனிவால்தோவுக்கு,

முதலில் ஒரு வெட்கக்கேட்டைச் சொல்லித் தொலைத்துவிடுகிறேன், பிறகு சுகம் விசாரிக்கிறேன். உன் பெயரைச் சொல்லிக்கொண்டு போட்டோக்காரர் வந்து இறங்கிய அன்று, நான் வேனின் கடைசி சீட்டுக்கு அடியில் குப்புறப் படுத்துக் கிடந்தேன். கையில் அட்டை, தோளில் கறுப்புப் பை, காலில் பளபளக்கும் பூட்ஸ். போக்குவரத்து ஆபீஸிலிருந்து சோதனைக்கு வந்திருக்கிறார் என்றே நினைத்துவிட்டேன். பின் டயர் இரண்டும் வழுக்கைத் தலையாக இருந்த சமயம். பள்ளிக்கூடப் பிள்ளைகளிடம், "டிரைவரம்மா எங்கேன்னு கேட்டா, செத்துப்போச்சுன்னு சொல்லிடுங்க" என்று சொல்லி வைத்திருந்தேன். மீன்கார இரேனியோவின் மகள் இருக்கிறாளே, அது நிஜமாகவே அழுதுகொண்டு, "இப்பத்தான் செத்துச்சு. சீட்டுக்கு அடியில கிடக்கு" என்று கையைக் காட்டிவிட்டது.

மனுஷன் குனிந்து பார்த்து, "வல்தெலீசி அம்மாதானே? உங்க தம்பி வாட்ச்மேனா இருக்கிற கட்டடத்துல குடியிருக்கேன்" என்கிறார். நான் எழுந்தபோது பாவாடை ஆணியில் மாட்டிக்கொண்டது. மீதியை நீயே நினைத்துப் பார்த்துக்கொள்.

பெயர் தார்சியோவாம். பழைய வேன்களை ஊர் ஊராகத் தேடிப்போய்ப் போட்டோ எடுத்துப் புத்தகம் போடப்போகிறாராம். ராணுவ ஆட்சிக் காலத்தில் முடி வளர்த்துக்கொண்டு, அப்பா சொன்ன வேலைக்குப் போகாமல், வேனிலேயே சமைத்து வேனிலேயே தூங்கின பிள்ளைகளின் சரித்திரம் என்றார். அந்தப் பிள்ளைகளில் ஒருவனான லூசியோ நம்மிடம் விட்டுப்போன கோம்பி வேனைத்தான் தேடி வந்திருக்கிறார். நான் காட்டியதோ வெள்ளையடித்து, விலாவில் மஞ்சள் பட்டை போட்டு, அதில் கறுப்பில் 'பள்ளி வாகனம்' என்று எழுதின வண்டி. அவர் முகம் தொங்கிப்போனது. பிறகு நகத்தால் ஓர் ஓரத்தைச் சுரண்டினார். அடியில் ஆரஞ்சு தெரிந்ததும் மிட்டாய் கண்ட பிள்ளை மாதிரி சிரித்தார்.

அது போகட்டும், அவரிடம் நீ என்னடா அளந்து வைத்திருக்கிறாய்? "உங்க தம்பி இந்த வண்டியிலதானே நாடு பூரா சுத்துனாரு. போலீஸ்காரங்க பிடிச்சு முடியை வெட்டின கதையெல்லாம் சொன்னாரு" என்கிறார். எனக்குப் புரையேறிவிட்டது. அந்தப் பிள்ளைகளைப் பேன்மூட்டை என்று சொல்லிக் கல்லெறிந்தவன் நீ. உன் முடியை வெட்டியது அம்மா. அதுவும் பேனுக்காக. இருந்தாலும் உன்னைக் காட்டிக்கொடுக்காமல் தலையை ஆட்டி வைத்தேன்.

வெள்ளையைச் சுரண்டி அடியில் இருக்கும் படங்களை வெளியே கொண்டுவரலாமா என்று கேட்கிறார். ஜூனில் சோதனை இருக்கிறது, மஞ்சள் பட்டை இல்லாத வண்டியில் பிள்ளைகளை ஏற்ற விடமாட்டார்கள் என்றேன். போட்டோ எடுத்த கையோடு புதிதாக அடித்துக் கொடுத்துவிடுவாராம். எனக்கு அப்போது அடையாளச் சீட்டுகூட இல்லாததால் லூசியோ வண்டியை உன் பேருக்கு எழுதிக்கொடுத்தான். பேர் உன்னுடையது, ஓட்டுகிறவள் நான், சோறு போடுவது அது. நீ என்ன சொல்கிறாய்?

போனில் கேட்டிருக்கலாம். கார்டு தீர்கிற பயத்தில் உன்னை நிதானமாகத் திட்ட முடிவதில்லை. இங்கே எல்லோரும் சுகம். உன் மனைவி மரினால்வாவுக்கும் உனக்கும் போன்ஃபிம் ஆண்டவர் துணையிருக்கட்டும்.

உன் அக்கா,
வல்தெலீசி


சாவோ பாவ்லோ,
2 ஏப்ரல் 1999

மரியாதைக்குரிய அக்காவுக்கு,

உங்கள் ஆசியைக் கேட்டுக்கொண்டு எழுதுகிறேன். நாங்கள் சுகம். இங்கே மழை விடுவதாக இல்லை.

தார்சியோ சார் பெரிய மனிதர். எங்கள் கட்டடத்துக் குடியிருப்போர் சங்கத்துக்கு அவர்தான் தலைவர். வாசலில் யார் இருக்க வேண்டும், யார் போக வேண்டும் என்பதெல்லாம் அவர் வாய்ச்சொல். நம்பரை அமுக்கினால் தானே திறக்கிற கேட் போடப்போவதாகப் பேச்சு இருக்கிறது. இப்போது வாசல் காவலுக்கு நானும் நொனாட்டோவும் இரண்டு பேர் இருக்கிறோம்.

முடி வெட்டின கதை, லிஃப்டுக்குக் காத்திருக்கும்போது பேச்சோடு பேச்சாக வந்தது. அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ள வேண்டாம். அவர் கேட்டதைச் செய்து கொடுங்கள் அக்கா. சொன்னால் சொன்னபடி செய்கிறவர். பட்டை அடித்துக் கொடுத்துவிடுவார்.

புனித வாரத்தில் மீன் குழம்பு வைத்தீர்களா? இங்கே மீன் சோப்பு மாதிரி இருக்கிறது.

தம்பி,
ஜெனிவால்தோ


அரெம்பெபே,
9 மே 1999

சோப்பு தின்னும் தம்பிக்கு,

சுகமாக இரு. நாங்களும் அப்படியே. உன் பேச்சைக் கேட்டு வண்டியைக் கொடுத்துவிட்டேன்.

மூக்கை அரிக்கிற ஏதோ திரவத்தைத் தடவி, இரண்டு ஆட்கள் உட்கார்ந்து வெள்ளையை உரித்தார்கள். அடியிலிருந்து ஒவ்வொன்றாக வந்தது. சூரியன், இறக்கை முளைத்த மீன், வெறுங்கால். பின் சக்கரத்துக்கு மேலே என் நண்டும் வந்தது. உனக்கு நினைவிருக்காது. "நீயும் ஒண்ணு போடு வல்தெலீசி" என்று லூசியோ பிரஷ்ஷைக் கையில் கொடுத்தபோது நான் போட்டது. நண்டுக்குக் கால் எத்தனை என்பது பதற்றத்தில் மறந்துபோய் ஏதோ கிடைத்த இடத்தில் எல்லாம் கால் வைத்திருந்தேன்.

சல்வதோரிலிருந்து ஓவியப் பெண் ஒருத்தியைக் கூட்டி வந்திருந்தார்கள். அழிந்துபோன இடங்களை நிரப்புவதற்காம். அவள் நண்டைப் பார்த்து, "இது அந்தக் காலத்துது மாதிரி தெரியலையே. யாரோ சின்னப்பிள்ளை அப்புறம் கிறுக்கியிருக்கு" என்றாள்.

"கிறுக்கினது நான்தாம்மா. அந்தக் காலத்துலயேதான்."

"அப்படியா? ரொம்ப அழகா இருந்துச்சு" என்றாள். இருந்துச்சு என்று சொல்லும்போதே அதன் மேல் ஒரு சூரியகாந்தி பாதி மலர்ந்துவிட்டது.

பிறகு பொன்முடி வைத்த பையன்களும் பெண்களும் வந்தார்கள். வேனில் வாழ்ந்த பிள்ளைகளாக நடிக்க. கால் அத்தனை சுத்தம். போட்டோவுக்காகக் கடல் மணலில் காலைத் தேய்த்து அழுக்காக்கச் சொன்னார் தார்சியோ. அழுக்கான காலோடு அவர்கள் முகம் சுளித்ததைப் பார்க்க நீ இருந்திருக்க வேண்டும். நான் ஏப்ரனோடு பக்கத்தில் நின்றேன். "அம்மா, நீங்க கொஞ்சம் ஓரமா... இன்னும் கொஞ்சம்" என்று சொல்லிச் சொல்லி இரேனியோவின் வலை காயும் இடம்வரை என்னைக் கொண்டுபோய்விட்டார். கடைசியில் இரக்கப்பட்டு ஒரே ஒரு படத்தில் சேர்த்துக்கொண்டார்.

சரித்திரம் சரித்திரம் என்று பேசிக்கொண்டே இருந்தார். எனக்குத் தெரிந்த சரித்திரம் துடைப்பம்தான். சிப்பாய்கள் வந்து ஏரிக்கரையில் அந்தப் பிள்ளைகளை வரிசையாக உட்கார வைத்து மொட்டையடித்துவிட்டுப் போனார்கள். லூசியோ அழுதான். அவன் அப்பா பாங்க்கில் ஒரு நாற்காலி போட்டுக் கூப்பிட்டதும் விமானம் ஏறினான், சாவியை என் கையில் கொடுத்துவிட்டு. ஏரிக்கரையில் கிடந்த முடியைக் கூட்டி அள்ளியவள் நான். அந்தப் படங்களோடு வண்டியை ஓட்டிப் பார்த்தேன். போலீஸ் சாவடிக்குச் சாவடி நிறுத்தி மீன் கூடைகளை ரோட்டில் கொட்டினார்கள். அதனால்தான் வெள்ளையடித்தேன். இதையெல்லாம் அவர் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை. கால் அழுக்காகிறதா என்பதிலேயே அவர் கண் இருந்தது.

மஞ்சள் பட்டை அடிக்கிற ஆள் திங்கட்கிழமை வருவான் என்றார். எந்தத் திங்கள் என்று கேட்காதது என் முட்டாள்தனம். நீ ஒரு வார்த்தை சொல்.

அக்கா,
வல்தெலீசி


சாவோ பாவ்லோ,
30 மே 1999

மரியாதைக்குரிய அக்காவுக்கு,

நாங்கள் நலம். உங்கள் கடிதம் கிடைத்தது.

சார் வெளிநாடு போய்த் திரும்பியிருக்கிறார். நானாக எப்படிக் கேட்பது என்று தெரியவில்லை. லிஃப்டில் அவரோடு போகும்போது லேசாக இருமினேன். என்னைப் பார்த்தார். மறுபடி இருமினேன். "மாத்திரை போட்டுக்கோ ஜெனிவால்தோ" என்றார். நிச்சயம் ஆள் அனுப்புவார். பொறுத்துக்கொள்ளுங்கள்.

கேட்டுக்கு அளவெடுத்துவிட்டார்கள்.

தம்பி,
ஜெனிவால்தோ


அரெம்பெபே,
27 ஜூன் 1999

இருமல் தம்பிக்கு,

மாத்திரை வேலை செய்ததா? எங்களுக்கு உடம்புக்கு ஒன்றுமில்லை. பட்டைக்கு ஆள் வரவில்லை.

கடைசியில் நானே மஞ்சள் வாங்கி வந்து அடித்தேன். சூரியகாந்திக்காரி படங்கள் மேல் மெழுகு மாதிரி ஏதோ பூசியிருக்கிறாள். அடித்த மஞ்சள் காய்ந்ததும் வாழைப்பழத் தோலாகக் கையோடு வந்துவிட்டது. மறுநாள் மறுபடி அடித்தேன். அதுவும் வந்துவிட்டது.

சோதனைக்கு அப்படியே ஓட்டிக்கொண்டு போனேன். போனவழியெல்லாம் ஜனங்கள் கையாட்டினார்கள். ஆபீஸில் ஒரு சின்ன வயசுக்காரர். வண்டியைச் சுற்றி வந்தார்.

"இது என்னம்மா, சர்க்கஸ் வண்டியா?"

"சரித்திரம் சார்."

"பட்டை எங்க?"

"புத்தகத்துக்காக உரிச்சிட்டாங்க. திங்கட்கிழமை வந்துடும்."

"நீங்களும் திங்கட்கிழமையே வந்திருக்கலாமே" என்று சொல்லிக்கொண்டே 'தகுதி இல்லை' என்று முத்திரை குத்தினார். நல்ல பையன்தான். டயரைப் பார்த்துப் பாராட்டக்கூடச் செய்தார். டயரை மாற்றியிருந்தேன் இல்லையா.

பள்ளிக்கூடச் சவாரியை அத்ரோவால்தோவுக்குக் கொடுத்துவிட்டார்கள். அவன் வேன் புதிது, உள்ளே நாற்றம்கூடக் கடையிலிருந்து வாங்கினது. இரேனியோ மகள் என் வாசலில் பையோடு வந்து நின்று, "நீங்க மறுபடி செத்துட்டீங்களா?" என்று கேட்டது. ஆமாம் என்றேன்.

சாவோ ஜோவாங் பண்டிகைக்கு நெருப்பு மூட்டினோம். சோளம் சுட்டோம். நீ உன் முதலாளியைப் பார்த்து இருமாதே, பேசு.

அக்கா


அரெம்பெபே,
1 ஆகஸ்ட் 1999

தம்பிக்கு,

போன கடிதத்துக்குப் பதில் வரவில்லை. தபால்காரரைத் திட்டினேன். பாவம், அவர் ஒரு காப்பி குடித்துவிட்டுப் போனார். நீ நன்றாக இருக்கிறாய் என்று நினைத்துக்கொள்கிறேன்.

இப்போது விடுதியில் படுக்கை விரிப்பு துவைக்கிறேன். கை உரிந்துவிட்டது. ஆனால் நல்ல செய்தி ஒன்று இருக்கிறது. கமசாரியில் வண்டிக்கு வண்ணமடிக்கிற ஓர் ஆளைப் பிடித்திருக்கிறேன். அந்த மெழுகை எடுத்துவிட்டு, மறுபடி வெள்ளையும் பட்டையும் அடித்துத் தருவான். பதிலுக்கு அவன் மகள் கல்யாணத்துக்கு நான் சமைக்க வேண்டும். செப்டம்பரில் மறு சோதனைக்குக் கொண்டுவந்தால் சவாரியில் பாதியைத் திரும்பத் தருவதாக அந்தச் சோதனை ஆபீஸ் பையன் சொல்லியிருக்கிறான். பாதி போதும் எனக்கு.

இப்போது விஷயம். அந்தச் சூரியகாந்திக்காரி ரொட்டிக்கடை போனுக்குக் கூப்பிட்டாள். சாவோ பாவ்லோவில் போட்டோக் கண்காட்சி வைக்கிறார்களாம். நடுவில் வண்டியையே நிறுத்தப்போகிறார்களாம். பிறகு யாரோ ஒரு பணக்காரர் தன் வீட்டில் வைத்துக்கொள்வாராம். "உங்க தம்பி கையெழுத்து மட்டும் போதும், நீங்க அலைய வேண்டாம்" என்று தேன் ஒழுகப் பேசினாள்.

ஜெனி, விளையாட்டாக எழுதவில்லை. கையெழுத்துப் போடாதே. இந்த வண்டி செப்டம்பர்வரை இந்த இடத்தைவிட்டு அசையக்கூடாது. அது போனால் நான் கடைசிவரை அடுத்தவன் படுக்கை விரிப்பைத் துவைத்துக்கொண்டிருக்க வேண்டியதுதான். போடமாட்டேன் என்று ஒரு வரி எழுது. ஒரு வரி போதும்.

அக்கா,
வல்தெலீசி


சாவோ பாவ்லோ,
29 ஆகஸ்ட் 1999

மரியாதைக்குரிய அக்காவுக்கு,

உங்கள் நலம் அறிய ஆசை. இங்கே குளிர் எலும்பைத் துளைக்கிறது. மரினால்வாவுக்கு முட்டி வீங்கியிருக்கிறது. வெந்நீர் ஒத்தடம் கொடுக்கிறேன்.

கேட் போட்டுவிட்டார்கள். நன்றாக வேலை செய்கிறது. நம்பரை அமுக்கினால் திறக்கிறது. நொனாட்டோவை அனுப்பிவிட்டார்கள். என்னை வைத்துக்கொண்டார்கள். தபால் வாங்கி வைக்க ஓர் ஆள் வேண்டும் என்று சார் எனக்காகப் பேசினாராம்.

வண்டியைப் பற்றி எழுதியிருந்தீர்கள். படித்தேன்.

கைக்குத் தேங்காய் எண்ணெய் தடவுங்கள்.

தம்பி,
ஜெனிவால்தோ


அரெம்பெபே,
12 செப்டம்பர் 1999

ஜெனிவால்தோவுக்கு,

வியாழக்கிழமை லாரி வந்தது. கமசாரிக்காரன் சனிக்கிழமை வருவதாக இருந்தான்.

லாரிக்காரன் நல்ல மனுஷன். காகிதத்தைக் காட்டினான். உன் பேருக்கு அடியில் நீ வழக்கமாக இழுக்கிற கோடும் இருந்தது, இரண்டு தடவை இழுத்திருந்தாய். "பெரியம்மா, என்னைக் கோவிச்சுக்காதீங்க. நான் வெறும் டிரைவர்" என்றான்.

"நானும் அதேதான்டா. உக்காரு, காப்பி குடி."

ஊரில் பாதிப் பேர் கூடிவிட்டார்கள். அவன் சாவியைப் போட்டுத் திருகிப் பார்த்தான். வண்டி கிளம்பவில்லை. அதற்கு ஒரு பக்குவம் இருக்கிறது. அவன் முழிப்பதைப் பார்க்கச் சகிக்காமல் நானே ஏறி உட்கார்ந்து கிளப்பி, பலகை வழியாக லாரிக்கு மேலே ஓட்டி நிறுத்தினேன். மெதுவாக, ஒரு குலுக்கல் இல்லாமல். ஜனங்கள் கைதட்டினார்கள். ஏதோ எனக்கு மரியாதை செய்கிறார்கள் என்று நினைத்துவிட்டார்கள் போலிருக்கிறது. நானும் கையாட்டிவிட்டு இறங்கினேன்.

நொனாட்டோ போய் நீ இருக்கிறாய் என்று எழுதியிருந்தாயே, அதை அன்றைக்கு மறுபடி எடுத்துப் படித்தேன். நீ வாசலில் நிற்பதற்காக என் வண்டி போனது. இதை நேராகச் சொல்லியிருந்தால் உன்னை இரண்டு நாள் திட்டிவிட்டு, மூன்றாம் நாள் நானே ஒப்புக்கொண்டிருப்பேனோ என்னவோ. அதை இனி யார் பார்க்கப்போகிறார்கள். நீ வெந்நீர் ஒத்தடத்தைப் பற்றி எழுதினாய்.

மரினால்வாவின் முட்டி எப்படி இருக்கிறது? உன் சுகத்தை இந்தத் தடவை கேட்கவில்லை.

வல்தெலீசி


சாவோ பாவ்லோ,
5 டிசம்பர் 1999

மரியாதைக்குரிய அக்காவுக்கு,

மூன்று தடவை எழுதிக் கிழித்தேன். மரினால்வாவுக்கு முட்டி தேவலை. உங்கள் ஆசியைக் கேட்க எனக்கு வாய் வரவில்லை, என்றாலும் கேட்கிறேன்.

நொனாட்டோ இப்போது கைவண்டி இழுத்துப் பழைய அட்டை பொறுக்குகிறான். எங்கள் தெருவுக்கும் வருகிறான். கேட்டுக்கு உள்ளே நான், வெளியே அவன். எனக்கு நாற்பத்து நாலு வயது. வேறு எங்கே போவேன் அக்கா.

கண்காட்சி நடந்தது. வண்டியைப் பளிங்குத் தரையில் நிறுத்தி, சுற்றிலும் கயிறு கட்டியிருந்தார்கள். சார் எனக்கு ஒரு கோட் கொடுத்து, மேடைக்குக் கூப்பிட்டு, முடி வெட்டின கதையைச் சொல்லச் சொன்னார். சொன்னேன். கதை நடுவில் நின்றுவிட்டது. நீங்கள் எழுதின துடைப்பம் ஞாபகம் வந்தது. ஏரிக்கரையில் கிடந்த முடியை நான் கூட்டி அள்ளியதாகச் சொல்லிவிட்டேன். ஓர் அம்மாள் அழுதார். இதை உங்களிடம் மறைக்க மனம் வரவில்லை.

புத்தகம் அனுப்புகிறேன். அதில் நீங்களும் இருக்கிறீர்கள். கிறிஸ்துமஸ் வாழ்த்துகள்.

தம்பி,
ஜெனிவால்தோ


அரெம்பெபே,
16 ஜனவரி 2000

ஜெனிவால்தோவுக்கு,

உயிரோடு இருக்கிறேன். கை ஆறிவிட்டது. பிப்ரவரியில் பள்ளிக்கூடம் திறந்ததும் அத்ரோவால்தோவின் வேனில் எனக்கு வேலை. அவன் ஓட்டுவான், நான் பின்னால் உட்கார்ந்து பிள்ளைகளுக்குப் பெல்ட் மாட்டிவிட வேண்டும். சாவியைக் கையால் தொடக்கூடாது என்று சிரித்துக்கொண்டே சொல்லியிருக்கிறான். நானும் சிரித்தேன்.

நீ துடைப்பத்தையும் எடுத்துக்கொண்டதைப் படித்தேன். வைத்துக்கொள். முடியைக் கூட்டியவள் இங்கேதான் இருக்கிறாள், அவளை யாரும் மேடைக்குக் கூப்பிடப்போவதில்லை. இனிமேல் கைவண்டியோடு நொனாட்டோ வந்தால், கேட்டைத் திறந்து ஒரு வாய் காப்பியாவது கொடு. அதற்கு நம்பர் உனக்குத் தெரியும்.

புத்தகம் வந்தது. நல்ல கனம். கதவு காற்றில் அடிக்காமல் முட்டுக்கொடுத்து வைத்திருந்தேன். நேற்றுத்தான் திறந்து பார்த்தேன். நம் வண்டி இரண்டு பக்கத்துக்கும் விரிந்து நிற்கிறது. ஒரு பக்கம் சூரியன், மறு பக்கம் அழுக்குக்கால் பிள்ளைகள். கீழே உன் பெயரும், நீ நாடு சுற்றின கதையும். நான் நடுவில் நிற்கிறேன், இரண்டு பக்கமும் சேர்த்துத் தைத்திருக்கிற மடிப்பில். இந்தப் பக்கம் என் முழங்கை, அந்தப் பக்கம் ஏப்ரன் நாடா. முகம் மடிப்புக்குள்ளே போய்விட்டது.

முகத்தைப் பார்க்கலாம் என்று புத்தகத்தைத் தரையில் விரித்து முட்டியால் அழுத்தினேன். படக்கென்று ஒரு சத்தம். இரண்டு பக்கமும் கழன்று கையோடு வந்துவிட்டன. முகம் தெரிந்தது. கண்ணை மூடியிருக்கிறேன். மரவள்ளி மாவில் பசை காய்ச்சித் தடவி, வெயிலில் காயவைத்துவிட்டுத் தண்ணீர் எடுக்கப் போனேன். திரும்பி வந்தபோது இரேனியோவின் ஆடு பக்கத்தில் நின்றுகொண்டிருந்தது. சூரியனையும், உன் பெயரையும் கதையையும், என் முகத்தையும் தின்றிருக்கிறது. முழங்கை மீதி இருக்கிறது. ஆட்டுக்கு ஒன்றும் ஆகவில்லை, சுகமாக இருக்கிறது.

வல்தெலீசி